செவ்வாய்க்கிழமைச் சுழல்

பதினொன்றடிக்கப் போகும் நேரத்தில் தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் மைதானத்தில் வந்து இறங்கியபோதே, காற்றளப்பவனுக்குத் தன் வேலை போயிற்று என்று தெரிந்துவிட்டது.

"எங்கய்யா நம்ம சுழல்?" அதிகாரியின் முகத்தில் கல்யாணக் களை.

மைதானத்தின் நடுவே முப்பதடிக் கம்பம், அதில் கருவிகள். தரையை ஒட்டிய காற்று எப்போதும் பைத்தியம் பிடித்தாற்போலத்தான் அலையும். ஆனால் ஏழு மாதமாக, செவ்வாய்தோறும் பதினொன்றிலிருந்து ஒன்று வரை, எட்டு நொடிக்கு ஒன்றாகச் சுழல்கள் வரிசை கட்டி வந்தன. பதிவேட்டில் "சீரான சுழல்" என்று எழுதினான். பொய் இல்லை. காரணத்தை மட்டும் எழுதவில்லை.

காரணம், கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பிகளில் துவைத்த நாலு கம்பளிகளை உதறி மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் மனைவி.

கம்பளிகளில் மோதிய காற்று சுருண்டு சுருண்டு கருவிப் பக்கம் போயிற்று. முள் எட்டு நொடிக்கொரு தரம் துள்ளியது. அதிகாரி கம்பளியைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், வெளிறிப்போனார்.

"எவ்வளவோ சொன்னேன் சார், கேக்க மாட்டேங்குறா."

"துணி காயப்போடக் கொடி கட்டித் தாங்கன்னு நானுந்தான் ஏழு மாசமா சொல்றேன். காத்தை அளக்கத் தெரியுது, ஒரு ஆணி அடிக்கத் தெரியல."

"இந்தச் சுழலப் பத்தி நான் எழுதின கட்டுரை அச்சாயிடுச்சும்மா!" என்றார் அதிகாரி. "அடுத்த செவ்வாய் எட்டு நிபுணர்கள் சுழலைப் பாக்க வர்றாங்க."

"அடுத்த செவ்வாய் நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

"தாயே, புதன்கிழமை போங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க."

"வேலை போட்டுக் குடுங்க. எழுத்துல."

அதிகாரி அங்கேயே உட்கார்ந்து, பையை மடியில் வைத்து எழுதினார். சுழல் அவள் கையில்தான் இருக்கிறது என்பதால் காற்றைக் கவனித்துக் குறிக்கும் முதன்மைப் பார்வையாளர் பதவி. கம்பளிகளுக்கும் உபகரணம் என்று எண் போட்டார். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். ஒரு கம்பத்துக்கு இரண்டாவது ஆள் தேவையா என்பதை முதன்மைப் பார்வையாளர்தான் முடிவு செய்ய வேண்டுமாம்.

அவன் மனைவியைப் பார்த்தான். பதினெட்டு வருடத்தில் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

அவள் யோசித்தாள். அவசரப்படவே இல்லை.

"இருக்கட்டும் சார். ஈரக் கம்பளிய ஒத்தையாளாப் பிழிய முடியாது."