முக்கால் முகம்

நாகஜோதி, சின்னக் கோபம் வந்தால் கத்துவாள். பெரிய கோபம் வந்தால் வாயே திறக்காது. அன்று காலை கம்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அஜய்குமாரின் பிளக்ஸ் டிசைன் கடைக்குள் நுழைந்தபோது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த பிளக்ஸ் சுருளைத் தரையில் போட்டு விரித்தாள். சுருண்டு சுருண்டு எழும்பிய மூலைகளில் ஸ்டேப்ளர், பசை டப்பா, அஜய்குமாரின் ஹெல்மெட் என்று கைக்குக் கிடைத்ததை வைத்தாள். பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கையை ஊன்றி அவனைப் பார்த்தாள்.

அது அவள் மகள் பூமாரியின் காதுகுத்துக்கு, இந்தக் கடையில் வேலை பார்க்கும் அவளே, இதே லேப்டாப்பில் செய்த பிளக்ஸ். விழா மறுநாள். நடுவில் பூமாரி, ஒரு பக்கம் சித்தப்பா சங்கரலிங்கம், இன்னொரு பக்கம் தாய்மாமன் முத்துராமலிங்கம். சங்கரலிங்கம் தாடை மடிப்பெல்லாம் கரைந்து, பெண் பார்க்கப் போகிற பையன் மாதிரி ஆகியிருந்தான். முத்துராமலிங்கமோ காய்ந்த கொத்தவரங்காயாக நின்றார். கன்னம் ஒட்டிப்போய், கழுத்து நூலாகியிருந்தது.

முத்துராமலிங்கம் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஜெயமங்கலத்தில் வாழை போட்டிருக்கிறார். போன வருஷம் காசநோய் வந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடந்து, மாத்திரையை ஒரு வேளை விடாமல் தின்று, முழுக்கக் குணமாகி, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொல்லி அனுப்பிய மனிதர். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டீக்கடையில் அவர் குடித்த டம்ளரை இன்றைக்கும் தனியாகத்தான் கழுவுகிறார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்துவது வழக்கம். ஊர் பார்க்கப் பூமாரி அந்த மடியில் உட்கார்ந்து எழுந்துவிட்டால் பேசுகிற வாயெல்லாம் தானாக மூடிக்கொள்ளும் என்று அவர் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தார்.

அச்சாகி வந்த பிளக்ஸை அவள் பார்க்கும் முன்பே வீட்டு ஆட்கள் மண்டப வாசலில் கட்டியதும் யாரோ ஒரு புண்ணியவான் படம் பிடித்து அவருக்கே அனுப்பிவிட்டான். அது போதாதென்று சங்கரலிங்கம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்னும் தேறாத ஆள் மடியில் பச்சைப் பிள்ளையை வைக்க வேண்டுமா, மாமன் முறையில் வேறு யாரையாவது உட்காரவைத்தால் என்ன என்று வீட்டில் ஆரம்பித்திருந்தான். விடிந்ததும் அண்ணனிடமிருந்து போன் வந்தது. எப்போதும் ‘ஆத்தா’ என்று கூப்பிடுகிறவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

“நாகஜோதி, அந்தப் படத்துல நான்னு ஒருத்தன் நிக்கிறான்ல, அவன் மடியிலயே வச்சுக் குத்திக்கங்க. நான் வரல.”

அதோடு வைத்துவிட்டார். அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. மண்டபத்துக்கு ஓடி, பிளக்ஸைப் பார்த்ததும்தான் என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அஜய்குமார் தரையில் கிடந்ததைச் சுற்றி வந்தான். வயதில் அவளைவிடச் சின்னவன், கடைக்கு முதலாளி. பிரிண்ட் நன்றாகத்தானே வந்திருக்கிறது, கலர்கூடத் தூக்கலாக இருக்கிறதே என்றான். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்ற அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஏலே, மூஞ்சியப் பாரு,” என்றாள். “மனுசன் மூஞ்சியப் பாரு.”

இதற்கெல்லாம் வேர் அந்த லேப்டாப். கொஞ்ச காலத்துக்கு முன்னால் அதில் இருந்த கள்ளக் காப்பி சாப்ட்வேரில் வைரஸ் புகுந்து மெஷின் படுத்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று அஜய்குமார் அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டான். பைசா செலவில்லை, வைரஸும் அண்டாது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தான். போட்ட அன்று திரை கறுப்பாகவே நின்றது. செல்போனில் வீடியோ பார்த்து, மெஷின் கிளம்பும்போது படிக்கிற வரியில் ஏதோ ஒரு சொல்லைச் சேர்த்தான், வெளிச்சம் வந்தது. வந்தது சரி, படம் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்த மாதிரி வந்தது. வட்டம் போட்டால் முட்டையாகத் தெரியும். யார் முகத்தைத் திறந்தாலும் பொன்னுக்கு வீங்கி வந்தது போல இருக்கும்.

நாகஜோதி அன்றைக்கே சொன்னாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று அவன் சிரித்தான். மறுபடி சொன்னாள், பழகிவிடும் என்றான். மூன்றாம் தடவை சொன்னபோது, பிளக்ஸ் போட வந்த பார்ட்டி ஒருவரை வைத்துக்கொண்டே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவள் சொல்வதையே விட்டுவிட்டாள். அந்த வார்த்தை மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றுபோனது.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிளக்ஸ் போட வருகிற குடும்பம் மொத்தமும் டிசைன் செய்கிறவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து வைத்துத் திருத்தம் சொல்லும். எங்கள் மாப்பிள்ளை ஏன் இப்படி ஊதிக் கிடக்கிறார் என்பார்கள். அவள் படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுவாள். எல்லாத் தலையும் ஆடும்வரை தள்ளுவாள். அந்த பைல் தேனியில் இருக்கும் பிரிண்டிங் மெஷினுக்குப் போகும். அந்த மெஷினுக்கு இந்தத் திரையின் கோணல் தெரியாதே, தள்ளியது தள்ளியபடி அச்சாகி பஸ்ஸில் திரும்பி வரும். பார்ட்டிகளே வாங்கிக்கொண்டு போய்க் கட்டிவிடுவார்கள். இப்படியே கம்பத்தில் உள்ள குண்டுப் பெண்களெல்லாம் கல்யாண பிளக்ஸில் கொடியிடையானார்கள். அந்தக் கடையில் போட்டால் ஆள் அம்சமாகத் தெரிகிறார் என்று பேர் வேறு கிளம்பியது. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ்களில் செத்துப்போனவர்களும் இளைத்தார்கள். அவர்கள் எழுந்து வந்தா கேட்கப்போகிறார்கள்?

நாகஜோதி கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். இந்தத் திரையைச் சரிசெய்யாமல் ஒரு பார்ட்டியும் உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டு வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். அஜய்குமார் திரைக்கான செட்டிங்கைத் திறந்தான். அதில் ஒரே ஒரு அளவுதான் இருந்தது. மெஷினே இவ்வளவுதான் என்றான். தேடு என்றாள். அகலமான அளவைக் கட்டாயப்படுத்திச் சேர்க்க என்னவோ தட்டினான், முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. சாயங்காலம் ஆண்டிபட்டியில் இருக்கிற கூட்டாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். பக்கத்துக் கடையிலிருந்து வந்த டீயை வாங்கி அவன் முன்னால் டக்கென்று வைத்தாள்.

அவன் செல்போனை எடுத்துத் தேடினான். எந்த ஊரிலோ எவனோ இதே கோளாறைச் சொல்லிப் புலம்பியிருந்தான். கீழே ஒருவன் பதில் எழுதியிருந்தான்: மெஷின் கிளம்பும் வரியில் ‘நோமோட்செட்’ என்ற சொல் இருக்கிறதா பார். அதைப் படித்ததும் அஜய்குமாரின் முகம் வெளுத்தது. அது அவன் சேர்த்த சொல். திரையை நீயாகக் கண்டுபிடிக்காதே, கிடைத்ததை வைத்துச் சமாளி என்று மெஷினுக்குக் கட்டளையிடுகிற சொல். அன்றைக்குத் திரையை இயக்குகிற டிரைவர் சாப்ட்வேர் சரியாக இல்லாததால் அது தேவைப்பட்டது. பிறகு அப்டேட் வந்து எல்லாம் சரியாகியும், கான்கிரீட் இறுகிய பிறகு முட்டுக்கம்பைப் பிடுங்காமல் விட்ட கொத்தனார் மாதிரி இவன் அதை எடுக்க மறந்துவிட்டான்.

அந்த வரியைத் திறந்தான், சொல்லை அழித்தான், ஒரு கமாண்ட் கொடுத்து மெஷினை அணைத்துப் போட்டான். திரை கறுத்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். வெளிச்சம் வந்தபோது எழுத்தெல்லாம் துடைத்து வைத்த மாதிரி நின்றது. வட்டம் வட்டமாக இருந்தது.

“டீ இன்னும் ஆறல,” என்றாள் நாகஜோதி. “டீ ஆறுறதுக்குள்ள முடியிற வேலடா இது. இதுக்கா எங்க அண்ணன ஊருக்கு நடுவுல அப்பிடி நிக்க வச்ச?”

அவன் மறந்துவிட்டேன் என்று முனகினான். மறந்தானாம். அவள் மூன்று தடவை சொன்னதை மறந்தானாம், பார்ட்டி முன்னால் அவளைக் கேலி செய்ததையும் மறந்திருப்பான். அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அவன் தலையைக் குனிந்தபடி பூமாரியின் பைலைத் திறந்து, ஒவ்வொரு படமாகப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தான். சங்கரலிங்கத்துக்குத் தாடை திரும்பி வந்தது. முத்துராமலிங்கத்தின் படத்துக்கு வந்ததும் கை நின்றது.

“எல்லாருக்கும் முக்காவாசி அகலம் இருக்குக்கா. ஒங்க அண்ணனுக்கு மட்டும் பாதிதேன் இருக்கு.”

“அதுவும் மெசின் பண்ணுனதுதேன்.”

“மெசினுக்கு ஆள் தெரியாதுக்கா,” என்றான் அவன் மெதுவாக. குத்திக்காட்டுகிற எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை, கண்ணில் பட்டதைச் சொன்னான்.

நாகஜோதிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அண்ணன் புதுச் சட்டை போட்டு எடுத்து அனுப்பிய படம். திறந்து பார்த்ததும், இது அண்ணன் மாதிரியே இல்லையே என்று பட்டது. உள்ளே தள்ளினாள். மற்றவர்களுக்குத் தள்ளிய அளவு வந்தும் அண்ணன் வரவில்லை. இன்னும் தள்ளினாள். ஆஸ்பத்திரி வார்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, மூக்கையும் வாயையும் முந்தானையால் பொத்திக்கொண்டு கடைசியாகப் பார்த்த முகம் வரும்வரை தள்ளி, இப்போது சரியாக இருக்கிறது என்று விட்டாள். அதற்குப் பிறகு அவள் அண்ணனை நேரில் பார்க்கவே இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று கொழுந்தன் சங்கரலிங்கம் தடுத்தது உண்மைதான். தடுத்தபோது அவள் மனசுக்குள் நிம்மதியாக இருந்ததும் உண்மை. அவ்வளவு நேரம் அஜய்குமார்மேல் எரிந்த எரிச்சல் மொத்தமும் அப்படியே அவள்மேலேயே திரும்பி விழுந்தது.

பைலைத் தேனிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். புருஷன் அம்மாவாசி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். பிள்ளையைத் தூக்கி ஜீப்பில் வைத்து, ஜெயமங்கலத்துக்கு விடு என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தான். சங்கரலிங்கம்தான் சும்மா இருக்கமாட்டாமல் பின்னாலேயே வந்தான்.

“மதினி, போறதுதேன் போறீக, பிள்ளைக்கு ஒரு மாஸ்க்காச்சும் மாட்டி விடுங்க.”

“ஒன் வாய்க்கு மாட்டிக்க,” என்றாள்.

தேனியில் புதிய பிளக்ஸை வாங்கிக்கொண்டு ஜெயமங்கலம் போய்ச் சேர்ந்தார்கள். முத்துராமலிங்கம் வீட்டு முன்னால் வாழைத்தார்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். ஜீப்பிலிருந்து தங்கை இறங்கியதைப் பார்த்து முகத்தைத் திருப்பினார். பிறகு பூமாரி இறங்கி ஓடிவந்தாள். அவர் சட்டென்று இரண்டு எட்டு பின்னால் போய்த் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். யாரும் சொல்லாமலே, கை தானாகப் போனது.

அம்மாவாசி பிளக்ஸைப் பிரித்துக் காட்டினான். அவர் துண்டுக்கு மேலாகப் பார்த்தார். அந்தக் கடைத் தம்பி போன் செய்தது, தப்பெல்லாம் தன்மேல்தான் என்று சொன்னது என்றார்.

“மெசின் கோளாறுன்னா என்ன செய்ய முடியும். விடு ஆத்தா. காலைல வாரேன்.”

அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அவர் வருகிறேன் என்று சொல்லியாயிற்று, ஆத்தா என்றும் கூப்பிட்டாயிற்று. உண்மையைச் சொன்னால் அந்த வரவும் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு அவளால் தலையாட்ட முடியவில்லை.

“மெசின் செஞ்சது பாதிண்ணே. மிச்சத்த நாந்தேன் செஞ்சேன். நீ அனுப்புன போட்டோவப் பாத்து, இது எங்க அண்ணன் இல்லன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில பாத்த மாதிரி வர்ற வரைக்கும் உள்ள தள்ளி வச்சேன்.”

அம்மாவாசி பிளக்ஸைச் சுருட்டத் தொடங்கினான். முத்துராமலிங்கம் அந்தச் சுருளையே பார்த்தார்.

“தேறிட்டியேண்ணேன்னு நீ ஒரு வார்த்த சொல்லுவன்னுதேன் அந்தப் போட்டோவ எடுத்தேன்,” என்றார். “வேற எதுக்கு நான் புதுச் சட்டையப் போட்டு நின்னேன்?”

அவளுக்குக் கோபம் வந்தது, தன்மேல், அந்தத் துண்டின்மேல், தனியாகக் கழுவுகிற டம்ளர்கள்மேல். உட்காருண்ணே என்று அதட்டினாள். அவர் நின்றார். மறுபடி அதட்டினாள். அவர் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்ததும் பூமாரியைத் தூக்கி மடியில் வைத்தாள்.

அவர் கைகள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டன, முகம் மட்டும் மூச்சுப் படாதபடி தோள் பக்கமாகத் திரும்பி நின்றது. நாகஜோதி துண்டைப் பிடுங்கினாள். அவர் தாடையை உள்ளங்கையால் பிடித்து மகள் பக்கமாகத் திருப்பினாள். கன்னம் கை நிறைய இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.