வாய் இல்லாத உயிர்

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. பன்னிரண்டு தறி ஓடுகிற சத்தத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவன் முட்டாள். கையால்தான் பேசுவோம். விரல்களை விரித்து ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். முப்பது வருடத்தில் அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கொச்சியிலிருந்து மகள் தமிழ்ச்செல்வி பேசினால், என் மனைவி ஜானகி ஸ்பீக்கரில் போடுவாள். நான் எதிரே உட்கார்ந்து கையை ஆட்டுவேன். "வேண்டாஞ் சாமி" என்பாள் ஜானகி. அப்பா சொல்கிறார் என்று சொல்லவே மாட்டாள், தன் வார்த்தையாகவே சொல்லிவிடுவாள். ஸ்கூட்டர் வேண்டாம், அந்தமான் வேலை வேண்டாம், எல்லாம் அப்படிப் போனவைதான்.

போன ஆடியில் ஜானகி செத்துப்போனாள். எனக்கு அவள்மேல் இன்னும் கோபம்தான். சொல்லாமல் கொள்ளாமலா போவது?

மகளுக்குக் கடல் பிராணிகளை ஆராய்கிற வேலை. ஜானகியின் காரியத்துக்கு வந்திருந்தவள், எல்லாம் முடிந்து சும்மா உட்கார்ந்திருந்த மத்தியானம் தன் போனில் ஒன்றைக் காட்டினாள். சைபனோஃபோர் என்கிற கடல் பிராணியாம். தறியில் ஓடும் பாவு நூல் மாதிரி நீளமாக மிதந்தது.

"ஒரே உயிர்னு நெனைக்காதீங்கப்பா. நூத்துக்கணக்குல ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க. அதுல நீந்தற உயிருக்கு வாயே கெடையாது. திங்கற உயிருக்கு நீந்தத் தெரியாது."

"வாயில்லாததுக்கு எவன் சோறு போடுவான்?"

"பக்கத்துல இருக்கறது தின்னா இதுக்கும் சத்து வந்துருமுங்கப்பா. பிரிச்சுட்டா பொழைக்காது."

"நல்ல பொழப்பு" என்று எழுந்து போய்விட்டேன்.

போன திங்கட்கிழமை கரண்ட் இல்லை. தறிகள் நின்று வீடே ஊமையாகக் கிடந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"நார்வேயில கப்பல்ல ஆராய்ச்சி வேலை கெடைச்சிருக்குதுங்கப்பா. அஞ்சு வருசம். உங்களைத் தனியா உட்டுட்டுப் போக மனசு வரலீங்க. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இங்கயே இருந்துக்கறேன்."

விரல்களை விரித்து ஆட்டினேன். பலமாக ஆட்டினேன். அதைப் பார்க்க எதிரே யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"சும்மா இருந்தா சரின்னுதானுங்கப்பா அர்த்தம்?" அவள் குரல் உடைந்தது. "அம்மா இருந்திருந்தா உட்டிருக்க மாட்டாங்க. எது கேட்டாலும் வேண்டாம்தான். நீங்க ஒருநாளும் என்னையத் தடுத்ததே இல்லீங்கப்பா."

வாயைத் திறந்தேன். தடுத்ததெல்லாம் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். போகாதே என்றாவது சொல்லியிருக்கலாம்.

"அங்க குளிரும் சாமி" என்றேன். "கம்பளி எடுத்துக்க."