நேர்ச்சை மண்

குருசுக்குப்பத்து மாதா கெபியின், அந்தக் குகைக் கோயிலின், முற்றத்தை மண் கொட்டி உயர்த்துவது என்று முடிவானபோது, அந்த மண்ணைத் தாங்கும் சுவரை மிக்கேல்தான் வரைந்து கொடுத்தான். மராமத்து அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் வேலை. பின்னால் கடல் மணல் நிரப்புவார்கள் என்று எண்ணி, மணல் தள்ளுவதற்கு ஏற்ற பருமன் வைத்தான். சுவரை ஒட்டிக் கீழே மீனவர் குடிசைகள்.

மணல் வண்டிகள் வருவதற்குள் சனங்கள் கூடைகளோடு வந்துவிட்டார்கள். சொந்த இடத்து மண் ஒரு கூடை, மாதாவுக்கு நேர்ச்சைக் காணிக்கை. நெல்லித்தோப்பிலிருந்தும் சேதராப்பட்டிலிருந்தும் வந்ததெல்லாம் களிமண்.

"நனைஞ்சா இது மணலவிட அதிகமா தள்ளும் சாமி" என்று மிக்கேல் பங்குச் சாமியாரிடம் முறையிட்டான்.

"மாதாவுக்குக் குடுத்தத நான் எப்படிப்பா திருப்பி அனுப்புறது?"

மிக்கேலின் மனைவி ஆனந்தமேரியும் அப்பா வயலின் கரிசலை ஒரு கூடை கொட்டியிருந்தாள். கரு தங்காமல் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவன் பார்த்தான், தடுக்கவில்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

ஐப்பசி மழை மூன்றாம் நாளும் ஓயவில்லை. சுவரின் தலை வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னாலிருக்கும் மண்ணை வெட்டி எடுத்தால்தான் பாரம் குறையும் என்று மிக்கேல் கத்தினான். முற்றத்தில் நின்ற யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

"எம் புள்ள சன்னியில பொழச்சது இந்த மண்ணாலதான்" என்றான் கூட்டத்தில் நின்ற சவரிராயன். "மண்ண எடுத்தா, குடுத்த புள்ளைய மாதாவும் எடுத்துக்குவா. ஒங் கணக்குல மாதா எத்தன அடி பருமன், முசே?"

அந்தக் கேள்விக்கும் பிரெஞ்சு 'துரை'க்கும் சிலர் சிரித்தார்கள். மிக்கேல் மனைவியிடம் வந்தான்.

"மேரி, நீ ஒரு கூடை எடு. ஒன் வயித்தப் பாத்தா மத்தவங்களும் எடுப்பாங்க."

அவன் கணக்கை அவள் நம்பினாள். மாதாவையும் நம்பினாள். இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் இத்தனை நாள் அவளுக்குள் இருந்தன. கையை நீட்டத்தான் நினைத்தாள்.

"என்னால முடியாதுங்க."

அவன் கோபப்பட்டிருக்கலாம்; படவில்லை. தலையை ஆட்டிவிட்டு, குடிசைகளைக் காலி செய்யக் கீழே இறங்கினான்.

சுவரடியில் கடைசிக் குடிசை சின்னப்பொண்ணுடையது. அவள் புருஷன் படுத்த படுக்கை. "மழையில இவர எங்க தூக்கிட்டுப் போறது தம்பி? மாதா எங்க மேலயா விழப்போறா?" என்ற குரல் மேலே கேட்டது. மிக்கேல் குனிந்து அந்தக் குடிசைக்குள் போனான்.

ஆனந்தமேரி மண்வெட்டியை எடுத்தாள். ஈரக் களி பிடித்துக்கொண்டு விடவில்லை. மண்டியிட்டுக் கைகளால் பிராண்டினாள். வயிற்றுப் பிள்ளையை மாதாவிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று மனது சொன்னது. இனி எல்லாரும் வருவார்கள் என்றும் சொன்னது.

வந்தார்கள். முற்றத்தில் நின்ற பெர்னதெத்தும் இன்னொருத்தியும் அவள் கைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள்.

"பைத்தியமாடி ஒனக்கு? ஏழு மாசத்துல இப்படியா குனிவாங்க!"

"விடுங்கக்கா, அவரு கீழ இருக்காரு..."

"வந்துடுவாரு. நீ ஒக்காரு."

பிடி அன்பாகத்தான் இருந்தது. திமிறத் திமிற இன்னும் அன்பாக இறுக்கினார்கள். கீழே மிக்கேல் சின்னப்பொண்ணை வெளியே வரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் தோண்டிய குழிக்குள் சுற்றிலும் இருந்த களி மெல்ல வழிந்து, கூழ்போல் நிரம்பிக்கொண்டிருந்தது.