வள்ளிக்கிழங்குதான்

முத்துவீரன் மறுபடியும் வாந்தி எடுத்தார். மகள் பிடித்திருந்த பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை வைத்தபடியே, "வள்ளிக்கெழங்குதான்" என்றார்.

ஜோதிகா வாளியைக் கீழே வைத்தாள். அம்மாவின் போன் வந்ததும் அல்லிநகரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பண்ணைப்புரத்துக்கு வந்தவள், வந்ததிலிருந்து என்ன கிழங்கு என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வயிறு மட்டும் வேறு பதில் சொன்னது.

"நீங்க தோண்டயில கொடி பச்சையா இருந்துச்சா, காஞ்சு கெடந்துச்சா?"

"காஞ்சா என்ன? செத்துக் கெடந்தா சொந்தக்காரன எனக்கு அடையாளந் தெரியாதா?"

"அடுப்படியில மிச்சம் கெடக்குறதப் பாத்தேன்ப்பா. கலப்பை மாதிரி ரெண்டு கையா வளைஞ்சிருக்கு. அது செங்காந்தள் கெழங்கு, வெசம். எங்க கடையில தனி மூட்டையா கட்டி ஒதுக்கி வச்சிருப்பாக. தொட்டா கையக் கழுவச் சொல்லுவாக."

அவள் வேலை பார்ப்பது நாட்டு மருந்துக் கடையில். முத்துவீரனுக்கு அது ஒரு வேலையே இல்லை.

"காஞ்ச சருக எட போட்டு விக்கிறவ எனக்குக் கெழங்கு சொல்லித் தாரா" என்றார் சுவரைப் பார்த்து. சுவர் மறுத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் யாரும் அவரை மறுத்துப் பேசியதில்லை.

ஊரிலும் அப்படித்தான். கம்பத்து வழுக்கைத் தலையர் ஒருவருக்கு அவர் காய்ச்சிக் கொடுத்த கரிசலாங்கண்ணித் தைலத்தில், தலையில் முடி வருவதற்கு முன்பே தேய்த்துவிட்ட மனைவியின் உள்ளங்கையில் முடி வந்துவிட்டது. அந்த அம்மாள் இன்றைக்கும் மாதம் ஒருமுறை வீட்டுக்காரரோடு சலூனுக்குப் போகிறார். பாம்பு கடித்த பசு ஒன்றுக்குச் சிறியாநங்கை அரைத்துக் கொடுத்தார். பசு எழுந்து வைக்கோல் தின்றது, கடித்த பாம்புதான் வேலியோரம் நீலம் பாரித்துக் கிடந்தது. இவற்றையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் சந்தேகப்படவும் ஆளில்லை.

நாலைந்து வருடமாகக் கண்ணில் புரை. ஆபரேஷன் வேண்டாமென்று நந்தியாவட்டைப் பூச்சாற்றைத் தானே விட்டுக்கொண்டார். அதில் பார்வை எவ்வளவு கூர்மையானது என்றால், மேற்கு மலை உச்சியில் நொண்டி நடக்கும் எறும்பைக்கூடப் பார்த்துச் சொல்வார். பக்கத்தில் வருவதில்தான் சின்னத் தடுமாற்றம். போன மாதம் எதிரே வந்த எருமையை "வாங்க மாப்ள" என்று கும்பிட்டார்.

அந்தக் கண்ணோடுதான் முந்தாநாள் மலையடிவாரத்துக்குப் போய்க் கிழங்கு தோண்டி வந்தார். அவித்துத் தேங்காய் போட்டுத் தாளிக்கச் சொல்லி, மத்தியானச் சோற்றோடு சாப்பிட்டார். கிழங்கு வாயு என்று கஸ்தூரியம்மாள் தொடவில்லை. மகன் விஜயபாண்டி திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போயிருந்தான்.

"108-க்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்காக" என்றாள் ஜோதிகா. "என்ன சாப்ட்டீகன்னு கேட்டா உள்ளதச் சொல்லுங்க. உள்ளதச் சொன்னாத்தான் வைத்தியம் பாக்க முடியும்."

"வந்தா திருப்பி அனுப்பு. அங்கன சீட்டுல எழுதுவான், முத்துவீரன், கெழங்கு தெரியாமத் தின்னவன்னு. அதுக்கு நான் செத்தே போறேன்."

அவர் சொன்ன சொல் தவறாதவர்.

கொஞ்ச நேரத்தில் கொழிஞ்சி வேர் வேண்டும், வயிற்றை அது கட்டும் என்றார். ஜோதிகா தெருக்கோடிக்கு ஓடி, வேரோடு பிடுங்கி வந்தாள். அவர் செடியைக் கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதடு கோணியது.

"இது அவுரிடீ. கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?"

அது கொழிஞ்சிதான். அவர் அதை வீசிவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். பிறகு திரும்பவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர் நாடியைப் பார்த்துக் கையை மெல்ல இறக்கி வைத்தார். "என்னம்மா ஆச்சு?" என்றார். ஜோதிகா வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "நெஞ்சுவலி" என்றாள்.

வண்டி போனதும் அடுப்படிக்கு வந்த கஸ்தூரியம்மாள், மகள் கையிலிருந்த கிழங்கைப் பிடுங்கினாள். மூலையில் கிடந்த மிச்சத்தையும் சேர்த்து அடுப்புக் கங்கில் போட்டு, சுள்ளியை மேலே வைத்து ஊதினாள்.

"அம்மா, இது என்னான்னு ஒனக்குத் தெரியுமா?"

"வள்ளிக்கெழங்கு."

"வேற யாருக்காச்சும் குடுத்தாரா? அத மட்டும் சொல்லு."

"யாருக்குங் குடுக்கல. போடியிலருந்தும் தேவாரத்துலருந்தும் தேடி வந்த சனம் பூரா இன்னைக்கு வாசல்ல நிக்கும். கெழங்கு தெரியாமச் செத்தான்னு அவுக சிரிச்சுக்கிட்டே தூக்கிட்டுப் போகணுமா?" புகையில் அவள் இருமினாள். "இத்தன வருசம் நானே வாயத் தொறந்ததில்ல. நீ தொறந்தன்னா, எனக்கு மகளே இல்ல."

ஜோதிகா திறக்கவில்லை.

மத்தியானத்துக்குள் வாசல் நிறைந்தது. கொட்டுக்காரர்கள் ஓய்ந்தபோதெல்லாம் பங்காளி கருத்தக்கண்ணன், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணனின் பெருமையைச் சொன்னார். அண்ணன் கொடுத்த லேகியத்தைத் தின்ற தேவாரத்துக் கிழவருக்குப் பல் முளைத்து, அதற்கப்புறம் வேப்பங்குச்சி வாங்கியே கட்டுப்படியாகவில்லை என்றார். "பச்சையப் பாத்து அண்ணன் தப்புச் சொன்னதில்லப்பா. செடி வேணா தப்பா மொளச்சிருக்கும்." கூட்டம் தலையாட்டியது. பாடைக்குப் பக்கத்திலிருந்த ஜோதிகாவும் ஆட்டினாள். விஜயபாண்டி மலை இறங்கி வந்து சேர்ந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு மாடு மாதிரி கத்தினான். பொழுது சாய்வதற்குள் சுடுகாட்டு வேலை முடிந்தது.

துக்க வீட்டில் அன்றைக்குச் சமைக்கக் கூடாது. பங்காளி வீட்டிலிருந்துதான் சோறு வர வேண்டும். ஆண்கள் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமியார் வீட்டிலிருந்து அன்றைக்குத்தான் வந்து சேர்ந்த தன் சின்ன மகளை விஜயபாண்டி மடியில் வைத்துக்கொண்டான். கருத்தக்கண்ணனின் மனைவி சுருளியம்மாள் சோற்றுக் குண்டாவோடு வந்தாள். அவள் பின்னால் வந்த பெண் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"என்னத்தச் செய்யிறது, சித்தி" என்றாள் ஜோதிகா, இலைகளைப் போட்டுக்கொண்டே. "ஒங்களுக்குத்தான் செரமம்."

"செரமம் என்னடி. எல்லாம் ஒங்கப்பா குடுத்ததுதான். முந்தாநேத்து மலையில இருந்து எறங்கையில மடி நெறையாக் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாக, வள்ளிக்கெழங்கு. அவுக கையால தோண்டுனது, அவுக வீட்டுக்கே போகட்டும்னு அம்புட்டையும் அரிஞ்சு புளிக்கொழம்பு வச்சிட்டேன். எங்க வீட்டுல ஒரு ஈ, எறும்பு தொடல. உப்புக்கூடப் பாக்கல."

அகப்பை சட்டிக்குள் இறங்கியது. முதல் கரண்டி விஜயபாண்டியின் சோற்றில் விழுந்தது. வட்டம் வட்டமாக வெள்ளைத் துண்டுகள்.

ஜோதிகா அம்மாவைப் பார்த்தாள். உள்ளே மூலையில், பெண்கள் சூழ உட்கார்ந்திருந்த கஸ்தூரியம்மாளுக்கு நிலைப்படி வழியாகச் சட்டி தெரிந்தது. மகனின் இலை தெரிந்தது. அவள் வாய் திறந்தது. திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது.

"சித்தி, கெழங்கு வேணாம். வாயு. எல்லாரும் பட்டினியா இருந்தவுக."

"வாயுவா?" கருத்தக்கண்ணன் சோற்றில் குழி பறித்தபடி நிமிர்ந்தார். "அண்ணன் தோண்டுன கெழங்கத் தின்னா, இருக்கிற வாயுவும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிரும். நீ ஊத்து, சுருளி."

"அண்ணே, நீ திங்காத. பிள்ளைக்குங் குடுக்காத."

"ஏன்?" என்றான் விஜயபாண்டி. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த எரிச்சல் குரலில் இருந்தது. "ஏன்னு சொல்லு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். அவள் மறுபடியும் நிலைப்படிப் பக்கம் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்திருந்தாள். விஜயபாண்டி ஒரு துண்டை நசுக்கி, மகளின் வாய்க்கு அருகே கொண்டுபோனான்.

ஜோதிகா அவன் கையைத் தட்டிவிட்டாள். அதே வேகத்தில் சட்டியைக் காலால் எத்தினாள். குழம்பு பந்தல் முழுக்கப் பரவியது. பாதி அவள் காலிலேயே கொதித்தது. குனிந்து, குழம்பு விழுந்திருந்த இலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துச் சுருட்டினாள்.

"ஏலே, பேய் பிடிச்சிருச்சா இவளுக்கு!"

"சோத்த எத்துறாளே, பாவி!"

சுருளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். விஜயபாண்டி எழுந்து தங்கையின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். "சொல்லுடி, எதுக்கு எத்துன?"

உள்ளேயிருந்து கஸ்தூரியம்மாளின் குரல் வந்தது. காலையிலிருந்து அழுது கட்டிப்போன குரல் இப்போது கணீரென்று இருந்தது.

"அவகிட்ட என்னத்தக் கேக்குற? வஞ்சம்! இஷ்டப்பட்டவன கட்டிக்கிட்டுப் போனாளே, அந்தக் கல்யாணத்துக்கு அப்பன் வரலைன்னு வஞ்சம். உசுரோட இருக்கையில காட்ட முடியல, அவுக குடுத்த கடைசிச் சோத்துல காட்டிட்டா. மலந் தின்னுவா இவ. எந்திரிச்சுப் போகச் சொல்லு. கருமாதிக்கும் இவ வர வேணாம்."

பெண்கள் "அதான பாத்தேன்" என்றார்கள். காரணம் கிடைத்துவிட்டதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. கருத்தக்கண்ணன், தன் தூரத்துச் சொந்தத்தில் ஒருத்தி இதே மாதிரி வஞ்சம் வைத்து ஒரு முழுப் பந்தியையே எத்தினாள் என்று தொடங்கினார். இன்னொரு வீட்டிலிருந்து மோர் வந்தது. பந்தி மறுபடியும் உட்கார்ந்தது.

ஜோதிகா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். துண்டுகளைக் கையாலேயே பொறுக்கிச் சட்டியில் போட்டாள். கால் கொப்புளித்திருந்தது. பொறுக்கியதையெல்லாம் வேலியோரம் கொண்டுபோய்க் கொட்டி, மண்ணைப் பறிக்கக் கம்பு தேடினாள்.

அதற்குள் தெரு நாய் ஒன்று வந்துவிட்டது. அவள் "ச்சீ" என்றாள். அது பல்லைக் காட்டிவிட்டு மூக்கை நீட்டியது.

தலைக்கு மேலாக ஒரு கல் போய் அதன் விலாவில் விழுந்தது. நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. ஜோதிகா திரும்பினாள். அன்றைக்குப் படி தாண்டக் கூடாத கஸ்தூரியம்மாள், வேலிவரைக்கும் வந்து நின்றிருந்தாள். மகளைப் பார்க்கவில்லை. இன்னொரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, நாய் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.