ஹால் டிவியில் அம்மா

அவள் ஒரு லிஃப்ட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வரைபடம் போடுகிறவள். கம்பெனியின் வரைபட மென்பொருள் அரதப் பழசு. புதுக் கணினியில் ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதற்காகவே அவளுடைய கணினிக்குள் இன்னொரு கணினியை உண்டாக்கிக் கொடுத்திருந்தார்கள். விஎம் என்பார்கள். தனி உடம்பு கிடையாது. வெளிக் கணினியின் வயிற்றுக்குள் இருந்துகொண்டே தன் வேலையைப் பார்க்கும்.

கம்பெனியின் நெட்வொர்க்காரர் போனில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்.

"உள்ள இருக்கற கணினிக்கு ரெண்டு இணைப்பு கொடுங்க மேடம். ஒண்ணு விபிஎன்ங்கற தனிப் பாதை வழியா நேரா ஆபீசுக்கு. இன்னொண்ணு உங்க வீட்டு பிரிண்டருக்கு மட்டும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்கவே கூடாது. பாத்துக்கிட்டா வம்பு."

அன்று காலை பிரிண்டர் மக்கர் பண்ணியது. சற்று நேரத்தில் கட்டடக்காரர் ஒருவரோடு கூட்டம். அதற்குள் படத்தைத் தாளில் ஒரு தடவை பார்த்தாக வேண்டும். அமைப்புகளைக் கிளறினாள். இரண்டு இணைப்பையும் சேர்க்கட்டுமா என்று கேட்டு ஒரு கட்டம் இருந்தது. போகிற போக்கில் ஒரு டிக் போட்டாள். பிரிண்டர் கடகடவென்று படத்தைத் துப்பியது. அப்பாடா என்று தாளை உருவிக்கொண்டு கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஆபீஸ் கூட்ட அறை அவள் திரையில் தெரிந்தது. நீள மேசை, சுற்றிலும் ஏழெட்டுப் பேர், சுவரில் பெரிய டிவி. அதில் அவள் போட்ட படத்தைக் காட்டி மேலாளர் விளக்கிக்கொண்டிருந்தார். கட்டடக்காரர் தாடையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

திடீரென்று படம் மறைந்தது. டிவி முழுக்க ஒரு முகம்.

அவளுடைய அம்மாவின் முகம்.

மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்குச் சரிந்திருந்தது. திரையின் மூலையில் சின்னச் சதுரத்தில் மாமனார். வீட்டு ஹாலில் போனோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதே மாமனார்!

"முகம் பெருசா தெரியட்டுமேன்னு டிவில போடப் பாத்தேன்" என்றார் அவர். "ஹால்னு ரெண்டு டிவி காட்டுச்சு. ஒண்ணை அமுக்குனேன். டிவில ஒண்ணும் வரல. போகட்டும், போன்லயே பேசுவோம்."

காலையில் போட்ட டிக்கால் ஆபீஸ் கூட்ட அறையின் 'ஹால்' டிவியும் வீட்டுப் பட்டியலில் வந்திருக்கிறது, அவர் அமுக்கியது அதைத்தான் என்பது அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. கை மவுசுக்குப் போனது, அங்கேயே நின்றுவிட்டது.

"பதிவு அலுவலகத்துல நாள் சொல்லிட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"அடுத்த மாசம் முதல் வாரம். இன்னும் எத்தனை நாளைக்கு மறைக்கறது? பையன்கிட்ட நான் சொல்லிடறேன். உங்க பொண்ணுகிட்ட நீங்க சொல்லுங்க."

"எப்படிச் சொல்லுவேன்? சம்பந்தியவே கட்டிக்கப் போறேன்னு பெத்த பொண்ணுகிட்ட எந்த வாயால சொல்றது?"

"யாருங்க இந்த அம்மா?" என்றார் கட்டடக்காரர். யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். நெட்வொர்க்காரர் ஓடி வந்து அலறினார். "இது உங்க வீட்டுப் பக்கமிருந்து வருது மேடம்! விபிஎன்னை வெட்டுங்க, முதல்ல வெட்டுங்க!"

வெட்டினாள். திரை கறுத்தது. மறைந்த மாமியாரின் இடத்தில் இனி அம்மாவே மாமியாரா? அப்படியானால் கணவன் என்ன முறை? அண்ணனா? சீச்சீ!

எழுந்து ஹாலுக்குப் போனாள். மாமனார் போனை நெஞ்சோடு அணைத்து மறைத்தார்.

"மறைக்காதீங்க மாமா. எல்லாத்தையும் கேட்டுட்டேன். நான் மட்டுமில்ல, எங்க ஆபீசே கேட்டுடுச்சு."

அவர் முகம் வெளிறிப்போனது. போனுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் மெல்ல வந்தது. "கோபமாடி?"

"தெரியலம்மா. கோபம் வரணுமான்னுகூடத் தெரியல. ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்கப்பா போனதுக்கப்புறம் நீ தினமும் போன் பண்ற. மாத்திரை போட்டியாங்கற, கதவைப் பூட்டுனியாங்கற. அவ்வளவுதான். இவர்கிட்டதான் பேசவே செய்யறேன்."

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று தைத்தது. அறைக்குத் திரும்பி, வேலைக்குப் போயிருந்த கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

"உங்க அம்மாவா?" என்றான் அவன். விவரம் முழுவதையும் கேட்டபின் மறுபடியும், "உங்க அம்மாவா?" அதற்குமேல் அவனுக்கு ஓடவில்லை. பாதி வேலையில் எழுந்து வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான். அப்பா தரையைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தான்.

"சாட்சிக்கு எத்தனை பேர் வேணுமாம்?" என்று கடைசியில் கேட்டான்.

"மூணு பேராவது வேணுமாம்."

"ரெண்டு பேர் இங்க இருக்கோம்" என்று எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குழாய் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பஸ் பிடித்து அம்மாவே நேரில் வந்துவிட்டாள். அழைப்புமணி கேட்டுக் கதவைத் திறந்தவளுக்கு எப்படிக் கூப்பிடுவதென்று புரியவில்லை. எப்போதும்போல "வாம்மா" என்பதா, மாமியாருக்குரிய மரியாதையோடு "வாங்க" என்பதா? அம்மாவும் வாசற்படி தாண்டாமல் அவள் முகத்தையே பார்த்து நின்றாள். மகள் கையை நீட்டி அம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள்.