மேல்கட்டில்

தாமரை மலேசியாவுக்கு வந்தது ஒரு கட்டிலைப் பார்க்க. கம்பெனியில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். எட்டுப் பேர் படுக்கும் அறை, இரும்புக் கட்டில், அதில் மேல்தட்டு, நிமிர்ந்தால் தலை கூரையில் இடிக்கும் என்று பதினோரு வருஷமாகப் புருஷன் பக்கிரிசாமி போனில் சொன்ன கட்டில். மாரடைப்பில் அவர் போய் எட்டு மாதம் ஆகியும், மன்னார்குடி வீட்டில் இவள் கண்ணை மூடினால் அவர் அதில்தான் கூனி உட்கார்ந்திருந்தார்.

"இங்க நம்ம பாஷை பேச ஒரு நாதி இல்ல தாமரை. நாக்கு துருப்பிடிச்சுப் போச்சு" என்பார்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் முதல் நாள் காலையிலேயே பூக்கடைக்காரி, "அக்கா, மல்லி வேணுமா?" என்றாள். இவள் நெற்றியைப் பார்த்துவிட்டு, "சாமிக்குத்தான் கேட்டேன்" என்று சமாளித்தாள். தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தைக் கட்டி, உறிஞ்சுகுழலோடு கொடுத்தார்கள். அதை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு பெண்கள் வேலைக்கு நடந்தார்கள். அவர் வேலை பார்த்த கிள்ளானுக்குப் போகும் ரயிலில் பெண்களுக்கென்றே ஒரு பெட்டி. அதில் எதிரே இருந்த மலாய்ப் பெண் இவளைப் பார்த்துச் சிரித்து, பையிலிருந்து ஒரு ரம்புத்தான் பழத்தை எடுத்து நீட்டினாள். இதையெல்லாம் ஏன் அவர் சொல்லவில்லை? கஷ்டத்தில் கிடந்தவர் கண்ணுக்கு இது எங்கே பட்டிருக்கும் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

கிள்ளான் நிலையத்தில் மாரிஸும் அவன் மனைவி டொரத்தியும் காத்திருந்தார்கள். பக்கிரிசாமியோடு துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவன் மாரிஸ். உடலை ஊருக்கு அனுப்பியவனும் அவன்தான்.

"பிளேன்ல பயப்படாம வந்தீங்களா அண்ணி?" என்றான். உபசாரம் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

பக்கிரிசாமி தங்கியிருந்த இடம் என்று இரண்டாவது மாடியில் ஒரு கதவைத் திறந்தார்கள். வீட்டின் சொந்தக்காரர் டொரத்தியின் அப்பா என்பதால் எதையும் கலைக்காமல் வைத்திருந்தார்கள். இரண்டு அறை. பால்கனியில் பெயின்ட் வாளியில் கறிவேப்பிலைச் செடி. உள்ளே அகலமான மரக்கட்டில், ஒன்றே ஒன்று.

"மத்த ஏழு பேரு எங்க?" என்றாள் தாமரை.

"எந்த ஏழு பேரு?" மாரிஸ் சிரித்தான். "ஓ, ஹாஸ்டலா! அது மொத ஆறு மாசம்தான் அண்ணி. அப்புறம் அண்ணன் இங்க தனிக்காட்டு ராஜா லா" என்று அந்த ஊர் வழக்கில் 'லா' போட்டு முடித்தான்.

டொரத்தி சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றித் துடைத்தாள். "போன தீபாவளி ஓப்பன் ஹவுஸ் அக்கா. வருஷா வருஷம் இங்கதான். மலாய்க்காரங்க, சீனவங்க, எங்க சர்ச் ஆளுங்க, யாரு வேணாலும் வரலாம். எம்பது பேருக்கு அண்ணன் ஒரே ஆளா ஆட்டுக்கறி வைப்பாரு. கரண்டிய மைக்கா புடிச்சுப் பாட்டு வேற! இவரு ஒருத்தரு, ஆடுறேன்னு போயி ரசத்துல கால வச்சாரு."

"ஏய், அது உன் தம்பி லா!" என்றான் மாரிஸ்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் விடியற்காலையில் பக்கிரிசாமி போனில் கூப்பிடுவார். இன்னைக்கும் டூட்டி, பன்னும் டீயும்தான் என்பார். அவர் பன் தின்கிறாரே என்று பத்துத் தீபாவளிக்கு இவள் ஒரு அதிரசத்தைத் தொட்டதில்லை.

படத்தில் அவர் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

"நீங்க ஒரு தடவை வந்திருக்கலாம் அக்கா" என்றாள் டொரத்தி. "எவ்ளோ கூப்பிட்டாராம். பிளேன்னு சொன்னாலே உங்களுக்கு மயக்கம் வந்துருமாமே."

தாமரை கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். "எப்ப எடுத்ததுன்னு பாருங்க."

மாரிஸ் பார்த்தான். "ஒம்பது வருஷம் ஆவுது."

"திருச்சிக்கு மூணு நடை அலைஞ்சு எடுத்தது. வரட்டான்னு கேட்டேன். பொம்பளை தங்குற எடம் இல்லன்னாரு. அடுத்த வருஷமும் கேட்டேன். அப்புறம் கேக்கல, அவர் மனசு கஷ்டப்படுமேன்னு."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்ல அண்ணி..." என்று இழுத்தான் மாரிஸ்.

"எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

டொரத்தி நீட்டிய படத்தைத் தாமரை வாங்கவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கிப் பையில் வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் மேல்கட்டில்ல படுத்திருந்தவரு. இவரை நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.