பதினைந்தாவது கன்று

ஓபெத்தின் நிலத்தில் மரவள்ளி நடலாம். சர்க்கரைவள்ளி, மிளகாய், கத்தரி நடலாம். வாழை ஒரு தார் போட்டுவிட்டுச் சாகிற சாதி, அதனால் வாழையும் நடலாம். தென்னை, கிராம்பு, சாதிக்காய் மட்டும் கூடாது. தென்னை அறுபது வருடம் நிற்கும். நட்டவன் போன பிறகு அவன் பிள்ளை வந்து, 'இது எங்கப்பன் வைத்த மரம்' என்பான். மரம் யாருடையதோ, நாளடைவில் அதன் காலடி மண்ணும் அவனுடையதாகிவிடும். சேராம் தீவின் அந்தக் கடற்கரையில் இதை எழுதி வைத்த காகிதம் எதுவும் இல்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஹாஸ்னியின் மாமனார் பூத்தோன் தீவிலிருந்து பாய்மரப் படகில் வந்து இறங்கியபோது ஓபெத்தின் தகப்பனாருக்குக் கொடுத்த வாக்கு அது. அதன்பின் கரையோரம் நாற்பது வீடுகள் பெருகின. எல்லாம் பூத்தோன்காரர் வீடுகள், எல்லாம் அந்த ஒரே வாக்கின் மேல் நிற்பவை. ஹாஸ்னி அங்கே மருமகளாக வந்து பத்தொன்பது வருடமாகிறது. அவள் புருஷன் லா ஜாபு மாதத்தில் இருபது நாள் சூரை மீன் படகில் இருப்பான்.

அந்த ஊரைப் பார்க்கவும் ஆட்கள் வருவார்கள் என்று யாரும் நினைத்ததில்லை. வடக்கே அரை மணி நேரம் படகில் போனால் ஓர் அருவி பாறையிலிருந்து நேராகக் கடலுக்குள் விழும். ஊர்க்காரர்கள் குடிதண்ணீர் பிடிக்க அங்கே போவார்களே தவிர, நின்று பார்த்ததில்லை. எவனோ எடுத்த படம் கைபேசி கைபேசியாகப் பரவியது. வார இறுதியில் படகுகள் வரத் தொடங்கின. வந்தவர்களுக்குப் படுக்க இடம் வேண்டியிருந்தது. ஹாஸ்னி வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகள் இழுத்துக் கட்டினாள்.

முதலில் தங்கியது சுரபாயாவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி. ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்தப் பெண் கரையில் ஒதுங்கிக் கிடந்த முளைவிட்ட தேங்காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இத இங்க நட்டுட்டுப் போகட்டுமா? அடுத்த தடவ வந்தா எங்க மரம்னு பாத்துக்குவோம்."

ஹாஸ்னியின் மனசு தானாகவே வழி தேடிக்கொண்டது. நடப்போவது நானில்லை. குழி தோண்டுவது அவள் புருஷன். வாக்குக் கொடுத்தவர்கள் பூத்தோன்காரர்கள், சுரபாயாக்காரர்கள் இல்லையே.

"நடுங்க" என்றாள்.

அவர்கள் பலகைத் துண்டில் தங்கள் பெயரை எழுதிக் கன்றின் பக்கத்தில் ஊன்றி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படமும் பரவியது. அடுத்து வந்தவர்கள் அருவியைக் கேட்பதற்கு முன்னால் கன்றைக் கேட்டார்கள். கன்றுகளின் வரிசை வீட்டின் முன்பக்கம் தொடங்கி, பக்கவாட்டில் திரும்பி, பின்பக்கம் போனது.

"என்னடி, தோப்பே போடுற?" என்று பக்கத்து வீட்டு நூர்லியா வேலிக்கு அந்தப்புறமிருந்து கேட்டாள்.

"நான் எங்கக்கா போட்டேன்? வர்றவங்க போடுறாங்க."

"தண்ணி ஊத்துறது யாரு, வர்றவங்களா? பாபா வரட்டும். அப்பவும் இந்த வாய் இருக்கான்னு பாக்குறேன்."

பாபா என்று அந்தக் கரையில் எல்லாரும் சொல்வது ஓபெத்தைத்தான். அவர் அப்போது அம்போன் நகரத்தில் மகள் வீட்டில் இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றை அறுத்து ஆறிய பிறகு மற்றதை அறுத்தார்கள். எட்டு மாதம் ஊர்ப்பக்கம் வரவில்லை.

பதினான்கு கன்றுகள் ஆனபோது வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்லருகே வந்து நின்றது. அந்தக் கல்லுக்கு அடியில் ஹாஸ்னியின் மகள் ஸல்வாவின் நஞ்சுக்கொடி இருந்தது. ஹாஸ்னியின் தாய்வீட்டில் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியைப் புதைத்து, அதன் மேல் ஒரு தென்னை வைப்பார்கள். பிள்ளையும் மரமும் ஒரே வயதில் வளரும். ஸல்வா பிறந்தபோது தென்னை வைக்க முடியாமல் கல்லை வைத்தார்கள். அவளுக்கு இப்போது பதினோரு வயது. ஒரு மதியம் ஆளில்லாத நேரத்தில் ஹாஸ்னி ஒரு முளைத்தேங்காயை எடுத்துப் போய்க் கல்லை ஒட்டி நட்டாள். பலகை வைக்கவில்லை. பதினான்கு இருக்கும் இடத்தில் பதினைந்து யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓபெத் வந்தார். கண்ணாடியைக் கழற்றாமலே காப்பி குடித்தார். மரவள்ளிப் புட்டை மீனோடு பிசைந்து தின்றார்.

"பூத்தோன்காரன் புட்டு, தொண்டையில நின்னுக்கிட்டு எறங்கமாட்டேங்குது" என்றார். அது அவர் நாற்பது வருடமாகச் சொல்வது.

"அப்புறம் ஏன் பாபா ரெண்டாவது தடவ கேக்குறீங்க?"

"எறங்குதான்னு பாக்கத்தான்." கை கழுவிவிட்டு எழுந்தார். "அம்போன்ல மக எனக்குப் படம் காட்டினா புள்ள. எம் மண்ணுல யார் யாரோ பேர் எழுதி நட்டு வச்சிருக்கான். நம்ம ஊரான்னு கேட்டேன். 'நம்ம ஊருதாம்பா'ன்னா."

வரிசையோடு நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பலகையின் முன்னும் குனிந்து, பெயரை உரக்கப் படித்தார். புதுக் கண்ணைச் சோதிப்பவர் போல எழுத்து எழுத்தாகப் படித்தார். ஹாஸ்னி இரண்டு அடி பின்னால் போனாள். பதினான்காவது பெயரைப் படித்து நிமிர்ந்தவர், கல்லருகே நின்ற கன்றைப் பார்த்தார்.

"இது யாரு?"

பலகை காற்றில் விழுந்துவிட்டது என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். கல் அங்கேயே இருந்தது. ஓபெத்தும் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸல்வா" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பதினாலும் நிக்கட்டும். இன்னும் வர்றவங்க வச்சாலும் வைக்கட்டும். நீ தண்ணி ஊத்து, காய் விட்டா அது என் காய். சுரபாயாக்காரன் மரத்தக் காட்டி மண்ணக் கேக்க வரமாட்டான். அவனுக்குப் படம் போதும். நீ கேப்ப."

"நான் கேக்கமாட்டேன் பாபா."

"நீ கேக்கமாட்ட. உம் பொண்ணு கேப்பா. அவ விட்டாலும் அவ பேரன் கேப்பான்."

"யாரும் கேக்கமாட்டாங்க. இந்த மண்ணு உங்களுதுன்னு அவளுக்குச் சொல்லித்தான வளக்குறேன்."

"கேக்கறதுக்கு இல்லேன்னா எதுக்குப் புள்ள வச்ச?"

வேலிக்கு அந்தப்புறம் நூர்லியா துணி காயப்போடும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கோவமா சொல்லல" என்றார் ஓபெத். "இது நின்னா வீடு நிக்காது. உன் வீடு மட்டும் இல்ல. நாளைக்கு நாப்பது வீட்டுக்காரனும் நாப்பது கன்னோட நிப்பான். எம் பசங்க என்னயப் போல இல்ல, மரமோ வீடோ ஒண்ணத்தான் நிக்க விடுவாங்க. நீயே சொல்லு."

அவள் குனிந்து கன்றின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். முதல் இழுப்பில் வரவில்லை. மண்ணைக் கையால் பறித்து, ஆட்டி ஆட்டி இழுத்தாள். வெள்ளை வேர்கள் பட்பட்டென்று அறுந்தன. தேங்காயோடு வந்தது.

வந்ததை வீணாக்குவானேன் என்று அரிவாளால் பிளந்தாள். உள்ளே தேங்காய்ப்பூ ஓடு நிறைய மஞ்சளாக இருந்தது. பாதியை ஓபெத்திடம் நீட்டினாள். மீதியை ஸல்வா பள்ளி விட்டு வந்து தின்னட்டும் என்று தட்டில் மூடி வைத்தாள்.

"நல்லா இனிக்குது" என்றார் அவர், கடைவாயில் மென்றபடி. பிறகு இளம் ஓலைக் கீற்று ஒன்றைக் கிழித்து முதல் கன்றிலும், இன்னொன்றைப் பதினான்காவதிலும் முடிச்சுப் போட்டார். இது ஓபெத்தின் மரம் என்பதற்கு அந்தக் கரையில் அது போதும். வீட்டைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. புறப்படும்போது, அடுத்த தடவை புட்டில் தேங்காய் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொன்னார்.

மதியப் படகில் மக்காசாரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை வந்து இறங்கினாள். தனியாள். பையை அறையில் வைத்த கையோடு வெளியே வந்தாள்.

"இங்க ஆளுக்கு ஒரு கன்னு நடலாமாமே?"

"நடலாங்க" என்று ஹாஸ்னி கரைப்பக்கம் போய் ஒரு முளைத்தேங்காயை எடுத்து வந்தாள்.

ஆசிரியை அதற்குள் வரிசையின் கடைசிவரை போய்விட்டிருந்தாள். "குழி ஏற்கெனவே இருக்கே!"

"ஆமாங்க. காலையிலதான் தோண்டினது."

தேங்காயைக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளினாள் ஆசிரியை. நகரத்துக் கை, பாதி மண் வெளியே சிந்தியது. மீதியை ஹாஸ்னி காலால் தள்ளி அணைத்தாள். பலகையில் எழுதப் பெயர் கேட்டாள். ஆசிரியை சொன்னதை மெதுவாக, எழுத்து தப்பாமல் எழுதிக் கொடுத்தாள்.

"படத்துல இந்தக் கல்லு குறுக்க நிக்குது. கொஞ்சம் தள்ளிப் போட்டுடலாமா?"

"அது கெடக்கட்டும்" என்றாள் ஹாஸ்னி. "நீங்க அந்தப் பக்கமா நில்லுங்க."

ஆசிரியை அந்தப் பக்கமாக நின்றாள். ஹாஸ்னி கைபேசியை வாங்கி, கல் படத்தில் விழாதபடி எடுத்துக் கொடுத்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, முதல் கன்றிலிருந்து தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.